மேல் வரிசையில் ஒரு கட்டம்

தூத்துக்குடியில் ஓர் அடுக்குக் குடியிருப்பு. அதன் ஜன்னல்களுக்கு எதிரே இருந்த உயரமான மதில்சுவரில், வீட்டுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, குடியிருப்போரே சேர்ந்து ஓர் ஓவியம் வரைந்தார்கள். வரையச் சொல்லிக்கொடுத்தவர் பவளக்கொடி. அவரிடம் சீடராகச் சேர்ந்த ஞானமணி, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட வயதில் மூத்தவர்.

கோடை வந்தால் அங்கே மாலையில் எல்லா வீட்டிலும் எல்லா மின்சாதனமும் ஓடும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. மின்சாரம் போய்விடும்.

பவளக்கொடி வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாயங்காலத்துல எதை அணைச்சு வைக்க முடியும்? அதை உங்க கட்டத்துல நீங்களே வரைங்க."

மாசியில் தொடங்கிய வேலை. ஒருவர் வரைந்த கிரைண்டர் தவலை மாதிரி இருந்தது. ஒரு வீட்டு இஸ்திரிப் பெட்டி படகாகிவிட்டது. ஞானமணி திருத்தப் போகும்போதெல்லாம் ஆசிரியை அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கிக்கொள்வார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது, ஒரு கட்டத்தைத் தவிர.

"டீச்சர், மேல் வரிசையில பல்லு விழுந்த மாதிரி ஒரு கட்டம் நிக்குது. யார் வீடு அது?"

"நாலாவது மாடி. கடைசி வீடு."

"எல்லாரும் எதையாவது விட்டுக்கொடுத்தாங்க. அவங்களுக்கு மட்டும் மனசு வரலியா?"

"வாங்க சார், பாத்துட்டு வருவோம்."

கதவைத் திறந்தவர் சிலுவைமுத்து. ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி ஜெசிந்தா சாய்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

சிலுவைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கட்டத்தைப் பத்தித்தானே வந்திருக்கீங்க? நாங்களும் யோசிச்சோம். ஒரு ஃபேன், ஒரு லைட்டு, இந்த மெஷின். எதை அணைக்கன்னு தெரியல. தப்பா நினைக்காதீங்க."



ஜெசிந்தா பேசத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"போன கோடையில கரண்ட் போற நேரமெல்லாம் மெஷின் நின்னுரும். இவர் என்னைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்குவாரு, ஆஸ்பத்திரிக்கு. இந்தக் கோடையில கரண்ட் போகவே இல்ல, ஒருநாளும் அப்படி இறங்கல."

கொஞ்சம் இளைப்பாறினார்.

"வீடு வீடாப் போய் நன்றி சொல்லணும்னு ஆசை. நடக்க முடியலியே. அதான் இந்த ஜன்னல்ல உக்காந்து அந்தச் சுவரைப் பாத்து ஜெபிக்கேன். கிரைண்டர் வீட்டுக்காரங்க நல்லா இருக்கணும். இஸ்திரிப் பெட்டி வீட்டுக்காரங்க நல்லா இருக்கணும்… இப்படி ஒவ்வொரு கட்டமா."

ஞானமணி கைகூப்பினார். அவர்களும் கைகூப்பினார்கள்.

இருவரும் இறங்கிச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஞானமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை இழுத்துச் சாத்தினார். வண்ணக் கிண்ணத்தை எடுத்தார்.

"டீச்சர், அந்த அம்மாவோட மெஷினை நான் அதுல வரையட்டுமா? நல்லா வரைவேன். அந்தக் கட்டம் மட்டும் வெறுமையா இருக்கக் கூடாது."

பவளக்கொடி கிண்ணத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"இந்தச் சுவர்ல வரைஞ்சதெல்லாம் அணைச்சு வச்சது சார், அந்த மெஷின் அணையல. அது வெறும் கட்டம் இல்ல. மத்த வீடெல்லாம் சேர்ந்து வரைஞ்ச கட்டம்."