வறுவேல் முதலாளியின் கணிப்பு

எங்கள் கடற்கரையில் கால்பந்துக் கோப்பை கொடுப்பவர் வறுவேல் முதலாளி. கணிப்புப் போட்டி நடத்துவதோ மைதானத்தோரம் டீக்கடை போட்டிருக்கும் மெற்றில்டா. இறுதி ஆட்டத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே கடைச்சுவரில் சாக்பீஸால் எழுத வேண்டும். பலித்தால் ஒரு குலை மட்டி வாழைப்பழம்.

முதலாளி எழுதியது ஒரு வருஷமும் பலித்ததில்லை. பந்து முதலாளியைக் கேட்டுக்கொண்டா உருளும்? ஊரே சிரித்தது.

இந்த வருஷம் வந்து அதட்டினார்: "ஏட்டி, நான் எழுதுறது பலிக்கணும். இல்லன்னா என் இடத்துல உனக்குக் கடை கிடையாது."

மெற்றில்டா டீயை ஆற்றியபடியே சொன்னாள்: "யாரு ஜெயிப்பாங்கன்னு எழுதாதீங்க முதலாளி. தோத்த டீமு உங்க வீட்டுல மீன்கறிச்சோறு சாப்பிடும்னு எழுதுங்க. கண்டிப்பா பலிக்கும்."

ஜெயித்தவர்களுக்குத்தான் அவர் வீட்டில் விருந்து. தோற்றவர்கள் பசியோடு பஸ் ஏறுவதே வழக்கம். முதலாளி தலையைச் சொறிந்தார். ஆனாலும் பழக்குலை ஆசை விடவில்லை, எழுதிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும், தோற்ற பையன்களின் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"சாப்பிடாம ஒருத்தனும் போகப்படாது!"

இலை போட்டுத் தானே பரிமாறினார். அழுது முகம் வீங்கியிருந்த கோல்கீப்பர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நான் ஜெயிச்சாச்சாட்டி?" என்றார் முதலாளி, பந்தியைப் பார்க்க வந்து நின்ற மெற்றில்டாவிடம்.

"கடைசி ஆளு கை கழுவட்டும் முதலாளி. இன்னும் விசில் ஊதல."

முதலாளி கோல்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இலையில் இன்னொரு மீன்துண்டை வைத்தார்.

"மெதுவாச் சாப்பிடு மக்கா. அவசரமே இல்ல."