ரக்கூன் கழுவாத முகம்

“இனிமே நம்ம கோப்பைக்குள்ளேயும் ராஜா கையை விடுவாராம்.”

மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்ன இது, அடியில் ரொட்டித் துணுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த ரக்கூன் என்ற சின்ன விலங்கின் காதில் விழுந்தது. விலங்குகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், அதன் முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டுகூடக் கிடையாது. அமெரிக்கக் கரையில் ஒரு துறைமுக ஊர். அங்கே டாம்சின் என்ற விதவையின் சாப்பாட்டுக் கடையில் அது வாழ்ந்தது.

கடலுக்கு அப்பால் இருந்த ராஜா முதலில் காகிதத்துக்கு வரி போட்டார். பிறகு கண்ணாடிக்கு, சாயத்துக்கு, தேயிலைக்கு. ஊர் முரண்டு பிடித்ததும் மற்றதை எடுத்துவிட்டு, தேயிலை வரியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்.

“வரி பெரிசில்லை. நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றாள் டாம்சின்.

தேயிலைக் கப்பல்கள் வந்து நின்ற அன்று அந்தியில் ஊரார் அடையாளம் தெரியாதபடி முகத்தில் கரி பூசிக்கொண்டு கிளம்பினார்கள். டாம்சின் செத்துப்போன கணவனின் கோட்டை மாட்டிக்கொண்டாள். மழையில் கரையாமல் இருக்கட்டும் என்று கரியில் பன்றிக்கொழுப்பைக் குழைத்தது ரக்கூன்தான். மிச்சம் இருந்தது அதன் கண்களைச் சுற்றிப் பூசத்தான் போதுமாக இருந்தது.

கப்பலேறிப் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்; ரக்கூனும் கூட நின்று கொட்டியது. யாரும் ஒரு பிடிகூட வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

காலையில் பார்த்தால் கொழுப்புக் கரி பச்சைத் தண்ணீரில் போகவில்லை. சிப்பாய்கள் வீடு வீடாக முகம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிடிபட்டால் தூக்கு என்று பேச்சு. அடுப்பில் இருந்ததோ ஒரே ஒரு கெண்டி வெந்நீர்.

“பாதி உனக்குடா,” என்றாள் டாம்சின்.

“உங்க முகம் பெரிசு அக்கா, முழுசும் வேணும். ரக்கூனைத் தூக்கில போட ராஜா இன்னும் சட்டம் போடலை,” என்று சொல்லிவிட்டு அது வாசலில் போய் உட்கார்ந்தது.

சிப்பாய்களின் தலைவர் அதன் கண்ணையும், விரலிடுக்கில் ஒட்டியிருந்த தேயிலையையும் பார்த்தார்.

“அத்தனை பெட்டியும் நீ ஒருத்தனே தூக்கினியா பயில்வான்?”

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சட்டி வெந்நீர் வரவழைத்து அதன் முன்னால் வைத்தார்.

“கூட வந்தவங்க பேரைச் சொல்லு, முகத்தைக் கழுவிக்கோ. இல்லைன்னா இந்த மூஞ்சியை எங்க பார்த்தாலும் துரத்துவோம். உன் பிள்ளைகளையும்தான்.”

கதவுக்குப் பின்னால் டாம்சின் கழுவிய முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரக்கூன் இரண்டு கைகளையும் அந்த வெந்நீரில் விட்டு, விரல் விரலாக நிதானமாக அலசியது. முகத்தைத் தொடவில்லை. கையை உதறிவிட்டு நடந்துபோயிற்று.

கோபத்தில் ராஜா துறைமுகத்தையே மூடினார். தூரத்து ஊர்கள் வண்டி வண்டியாக அரிசி அனுப்பின. பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசின. கடைசியில் ராஜாவே வேண்டாம் என்றன.

ரக்கூன்கள் கண்ணைச் சுற்றிக் கரியோடு பிறப்பதும், தின்ன எது கிடைத்தாலும் முதலில் தண்ணீரில் கை அலசுவதும் அந்தக் காலையிலிருந்துதான்.