விசிலும் ரப்பர் பட்டையும்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்காதீர்கள், அப்படித்தான் நடந்தது.

குருவின் பெயர் பூங்கோதை. திண்டுக்கல்லில் ஒரு மைதானத்தின் ஓரமாக, தசை இறுக்க நோயோடு பிறந்தவர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறவள். பரம்பரையாக வருகிற நோய் அது. உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்தால் கால் பூட்டிக்கொள்ளும். மெதுவாகப் பத்து அடி வைத்தால் தானாக விட்டுவிடும். அவளுக்கும் அது உண்டு.

சீடர் சவரிமுத்து, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். மகன் அமலனுக்கும் அதே நோய் என்று போன மாதம்தான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை என்ன செய்தார் தெரியுமா? விசில் ஊதியும் ஓடாமல் நின்ற பிள்ளையை, பெற்ற பிள்ளையை, "நடிக்கிறான், சோம்பேறி" என்று வகுப்பே பார்க்க முட்டி போட வைத்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இப்போது அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் அமலன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

"மேடம், அவனுக்கு நானே பயிற்சி கொடுக்கணும்" என்றார் சவரிமுத்து.

"ஒரு மாசமா அமலனுக்கு நான் பயிற்சி குடுக்கறப்ப கூடவே நின்னு பாக்குறீங்களே, என்ன கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மெதுவா ஆரம்பிக்கணும். நடுவுல ரொம்ப நேரம் உட்கார விடக்கூடாது. ஆனா ஒண்ணு மட்டும் பிடிபடல மேடம். பத்தடி போயிட்டா குதிரையாட்டம் ஓடுறான். அந்த மொத அடியை வைக்க மட்டும் என்ன கேடு? கொஞ்சம் மனசு வச்சா முடியாதா?"

பூங்கோதைக்கு முகம் சிவந்துவிட்டது. விருட்டென்று எழுந்தாள். கால் பூட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், விட்டபிறகு நடந்தாள். அதைக்கூட அந்த மனுஷர் கவனிக்கவில்லை, நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தரையில உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பட்டையால் அவர் முழங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அவர் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி ஓங்கி ஊதினாள்.

"ஓடுங்க!"

பாதி எழுந்தவர் குப்புற விழுந்தார். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. மைதானமே திரும்பிப் பார்த்தது.

"எழுந்திரு! நடிக்காத! சோம்பேறி!"

"என்ன மேடம் அநியாயம் இது!" சவரிமுத்து கத்தினார். "காலைக் கட்டிப்போட்டுட்டு ஓடச் சொல்றீங்க. இத்தனை பேர் முன்னால திட்ட வேற செய்றீங்க. கட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது சார். உங்க கட்டு வெளியில இருக்கு."

சவரிமுத்து மண் ஒட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

பூங்கோதை பட்டையை அவிழ்த்தாள்.

"இனிமே எந்த முகத்தோட மேடம் அவன் முன்னால நின்னு விசில் ஊதுவேன்?"

அவள் விசிலை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க எதுக்கு ஊதணும்? இதை அவன்கிட்ட குடுங்க. அவன் கால் எப்போ தயார்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் ஊதட்டும். நீங்க ஓடுங்க."