வளைவில் நிற்பவர்கள்

கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் ஃபிலோமினா கார்ப் பந்தயம் கற்றுக்கொடுத்துவந்தார். அவரிடம் படிக்க வந்தார் பல் டாக்டர் இளங்குமரன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

டாக்டர் வீட்டில், திரையைப் பார்த்துக் கார் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் ஒன்று இருந்தது. இருக்கை குலுங்கும். ஸ்டீயரிங் கையை இழுக்கும். பிரேக்கை மிதித்தால் தொடை வலிக்கும். இதே தடத்தை அதில் அவர் எத்தனையோ முறை சுற்றியிருந்தார்.

ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவிட்ட ஃபிலோமினா, அன்று அவரைத் தனியே அனுப்பத் தயாரானார்.

"வீட்டு மெஷின்ல எல்லாமே நிஜம் மாதிரிதான் மேடம் இருக்கு. இன்னும் என்ன வாங்கி மாட்டினா முழுசா நிஜமாகும்?" என்றார் டாக்டர்.

ஃபிலோமினா ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

காலையில் தூறியிருந்தது. தடம் அநேகமாகக் காய்ந்துவிட்டது. முதல் சுற்று நன்றாகவே போனது. அடுத்த சுற்றில், இடது வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கியது. டாக்டரின் கைகள் ஸ்டீயரிங்கைச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பின. கார் சுழன்று, சரளைக்கல்லில் இறங்கி, டயர் அடுக்கில் பக்கவாட்டில் இடித்து நின்றது.

எங்கும் புழுதி. வீட்டில் இப்படி ஆனால் ஒரு பொத்தானை அழுத்துவார். கார் மறுபடி தடத்தில் வந்து நிற்கும். அவர் கட்டைவிரல் அந்தப் பொத்தானைத் தேடியது. இல்லை. பெட்ரோல் வாடை வருவதுபோல் இருந்தது. பெல்ட்டைக் கழற்ற விரல் வரவில்லை.

புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்தார். வனஜா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஃபிலோமினாவின் இன்னொரு மாணவி. ஓட்டாத நாட்களில் மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு வளைவுகளில் கொடியோடு காவல் நிற்பார்கள்; கார் மோதினால் ஓடிவருவார்கள். பின்னால் ஒருவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கழுத்தை அசைக்காதீங்க டாக்டர். என்னைப் பாருங்க. உங்க பேரு சொல்லுங்க."

சொன்னார். வனஜா அவர் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டார்.

அடி எதுவும் இல்லை. புல்லில் உட்காரவைத்ததும் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழுகைதான் வந்தது.

"இருக்கட்டுங்க," என்றார் வனஜா. "மொதல்ல மூச்சு விடுங்க."

ஃபிலோமினா வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"வீட்ல ஓட்டினது அத்தனையும் வீண் மேடம்."

"வழுக்கினப்போ ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை. கை தானா திருப்பிச்சு."

"திருப்பலைன்னா இன்னும் பலமா மோதியிருப்பீங்க. வீட்டுக்குப் போனதும் அந்த மெஷினுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

டாக்டர் தலையாட்டினார். தூரத்தில் வனஜா, தடத்தில் சிதறிய கற்களைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு என்ன மேடம் செய்யறது நான்?"

"நாளைக்கு வனஜா ஓட்டுற முறை. அந்த வளைவுல நீங்க நில்லுங்க."

"நின்னு?"

"அவங்க கார் மேல இருந்து கண்ணை எடுக்காதீங்க."