மூன்றாவது துண்டு

மலையடிவார ஆசிரமத்தில் மூன்று நாள் கண் முகாம் நடந்தது. ஆசிரமத்தின் குரு அருளம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் சபாபதிக்கு அறுபத்தாறு. தொலைபேசி இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். கணினி முன் உட்கார்ந்துவிட்டால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கடைசி நாள் காலை அவர் கேட்டார்.

“எல்லா உயிரும் ஒண்ணுன்னு சொல்றீங்க. அப்படின்னா எல்லாருக்கும் ஒரே விதி போதாதா அம்மா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“முகாம்ல எடுத்த கண் படங்களுக்கெல்லாம் பேரு, ஊரு, எந்தக் கண்ணுங்கற வரிசையில, நடுவுல சின்னக் கோடு போட்டுப் பெயர் வெச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரியில கண்ணுதான் முதல்ல வரணும்னாங்க. கோடு இருக்கற இடத்துல வெட்டு, மூணாவது துண்டை முன்னால வை. அவ்வளவுதான் விதி. ஒரு வாய் காபி குடிக்கறதுக்குள்ள இருநூத்தி எண்பது பேரோட படமும் மாறிடுச்சு. அதுலேருந்தே ஆபரேஷன் பட்டியலும் எடுத்துக் குடுத்துட்டேன்.”

அம்மை வாசலுக்கு நடந்தார். சபாபதியும் பின்னால் போனார்.

அறுவை சிகிச்சைக்கு நாற்பது பேர் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேல், பட்டியலைப் பார்த்து நர்ஸ் மையால் குறி போட்டிருந்தாள்.

படியில் கால் வைத்த ஒரு பெண்ணை அம்மை பார்த்தார். மேல்-புதூர் வெள்ளச்சி. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. குறி வலது புருவத்துக்கு மேல் இருந்தது.

அம்மை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உனக்கு எந்தக் கண்ணும்மா தெரியல?”

“இடது தாயி.”

“அப்புறம் ஏன் வலது பக்கம் குறி போட விட்ட?”

“தாள்ல அப்படித்தான் எழுதியிருக்குன்னாங்க. எழுதினவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?”

“பஸ்ஸை நிறுத்துங்க!”

அம்மை கத்தி அந்த ஆசிரமம் கேட்டதில்லை.

சபாபதி கணினிக்கு ஓடினார். மேல்-புதூர் என்ற ஊர்ப் பெயரிலேயே ஒரு கோடு இருந்தது. விதி அதையும் வெட்டியிருந்தது. மூன்றாவது துண்டாக ‘புதூர்’ முன்னால் போய் நின்றது. நான்காவதாக இருந்த ‘இடது’ பெயரிலிருந்தே காணாமல் போயிருந்தது.

“கண் இருக்க வேண்டிய இடத்துல புதூர்னு வந்துச்சே, பாக்கலையா?”

“பார்த்தேன் அம்மா. ஏழு பேருக்கு அப்படி வந்துச்சு. மேலயும் கீழயும் வலதுன்னு இருந்துச்சு. அதையே போட்டு நிரப்பிட்டேன்.”

ஏழு பேரையும் இறக்கிக் கேட்டார்கள். நாலு பேருக்கு இடது. வெள்ளச்சிக்குப் பார்வை என்று மிச்சம் இருந்ததே அந்த வலது கண்ணில்தான்.

சபாபதிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“இருநூத்தி எண்பதுல நாலுதானே அம்மா. திருத்திடலாம்.”

“திருத்துங்க.”

திருத்தினார். நர்ஸ் நாலு குறிகளை அழித்து, சரியான பக்கம் போட்டாள். பிறகு அம்மை பட்டியலை வாங்கி, அடியில் ஒரு வரி எழுதினார். நர்ஸிடமிருந்து மைப் பேனாவையும் வாங்கி, சபாபதியின் வலது புருவத்துக்கு மேல் ஒரு குறி போட்டார்.

சபாபதி சிரித்தார். “என்னம்மா இது?”

“ஏறுங்க ஐயா.”

குரு சொல்லைத் தட்ட முடியாமல் ஏறி உட்கார்ந்தார். நர்ஸ் பட்டியலை ஒரு முறை பார்த்தாள். அவர் தலையில் பச்சைத் தொப்பியை மாட்டினாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மருந்துச் சொட்டை வலது கண்ணுக்கு நேரே கொண்டு வந்தாள்.

“அசையாதீங்க. மத்தியானம் உங்களுக்கும் ஆபரேஷன்.”

“ஐயோ, விடும்மா! என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!”

“தாள்ல வலதுன்னு இருக்குதே சார்.”

“தாள் கெடக்குது! என் கண்ணு எனக்குத் தெரியாதா?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. முன் இருக்கையிலிருந்து வெள்ளச்சியும் திரும்பினாள், அந்த ஒரு கண்ணால்.

அம்மை படியில் நின்றிருந்தார்.

“இருநூத்தி எண்பத்தோரு பேர்ல ஒருத்தர்தானே ஐயா. எதுக்கு இப்படிக் கத்தறீங்க?”