கொக்கு தாவிய இடம்

யோகாம்பிகையிடம் ஒலிப்பதிவு கற்க வந்த தங்கப்பழத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தொன்பது.

அன்று காலை சீடருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார், கழற்றினார். அணிலுக்குக்கூட அவ்வளவு வேலை இருக்காது.

நாட்டுப்பாடல்களுக்கு நாற்பது வயலின் சேர்த்து அந்தக் காலத்தில் வந்த ஓர் இசைத்தட்டு குருவின் கைக்கு வந்திருந்தது. அசல் நாடாவிலிருந்து அவர் சுத்தம் செய்து கொடுத்தால் கம்பெனி மறுபடி வெளியிடும். மறுநாள் அனுப்பியாக வேண்டும்.

“நாலாவது பாட்டை இன்னொரு தடவை கேளுங்க, குருவே.”

“ஒம்பது தடவை கேட்டாச்சு, அண்ணாச்சி.”

“அந்த இடம் சரியாயிடுச்சா?”

அந்த இடம் அவருடைய பழைய வினை. இளவயதில் கேசட் கடை வைத்திருந்தார். கடையில் இருந்த இதே தட்டில் ஒரு கீறல். ‘கொக்கு நடந்து நடந்து கூட்டமாப் பறக்குதடி’ என்ற வரியில் முள் தாவி, ‘கொக்கு நட பறக்குதடி’ என்று கேசட்டில் பதிவாகிவிட்டது. கவனிக்காமல் வட்டாரம் முழுக்க அதையே பதிந்து கொடுத்தார். கவனித்த நாளிலிருந்து முப்பத்தைந்து வருடமாக அது அவர் காதுக்குள் தாவிக்கொண்டே இருக்கிறது.

“என் தப்பு தீர்ந்துச்சா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

குரு ஸ்பீக்கரைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தார்.

“செருப்பைப் போடுங்க.”

பள்ளி மைதானத்தில் பன்னிரண்டு பெண்கள் பொங்கல் கும்மிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லிதான் தலைவி.

“உங்க கொக்குப் பாட்டுதான், புதுசா வருது. ஆடிப் பாருங்க” என்றார் குரு.

கும்மி சுற்றியது. அந்த வரி வந்தது. ‘நட’ என்றதும் பன்னிரண்டு பேரும் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கித் தாவினார்கள். பாட்டு தாவவில்லை. அது பாட்டுக்கு நடந்து நடந்து போனது. இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி, தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

“எந்தப் பாவி பாட்டுல கையை வச்சது?” என்றாள் செண்பகவல்லி.

குரு வானத்தைப் பார்த்தார்.

தங்கப்பழம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கீறல், முள், கடை. “நீங்க தாவுறது என் தப்பும்மா.”

செண்பகவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்கம்மா அந்த இடத்துல தாவித்தான் கப்பு வாங்குச்சு. என் மக இப்ப ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றா. நடுவுல நீங்க யாரு?”

தன் போனை எடுத்து, தாவுகிற பழைய பாட்டைப் போட்டாள். பன்னிரண்டு காலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின.

திரும்பும் வழியெல்லாம் தங்கப்பழம் ஸ்கூட்டரின் பின்னால் நெளிந்துகொண்டே வந்தார்.

“நாளைக்கு எதை அனுப்ப, குருவே?”

“சுத்தமானதைத்தான். பாடினவங்க அப்படித்தானே பாடினாங்க.”

“அப்போ என் தப்பு?”

“அதை அவங்க எடுத்துக்கிட்டாங்க, அண்ணாச்சி. இனி நீங்க கேட்டாலும் தரமாட்டாங்க.”