செங்குத்துச் சரிவில் ஜெசிந்தா

தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா காஷ்மீரின் குல்மார்க்கில் விடுதி வேலைக்குப் போன இடத்தில் பனிச்சறுக்கு கற்றவள். தேர்வெல்லாம் தேறி, ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் ஆஸ்திரியாவின் மலை ஊர் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். அங்கே சறுக்குப் பள்ளியை நடத்தியவர் பிரிகிட்டா. பேச்சு குறைவு.

முதல் வாரமே ஜெசிந்தாவின் வகுப்புக்கு ஹார்மன் வந்தார். ஹாலந்தில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். ஆள் பெரிய உருவம்.

"பனியே விழாத ஊர்க்காரி எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறாள்? வேறு ஆள் கொடுங்கள்" என்றார், அவள் காதுபடவே.

"வேறு ஆள் இல்லை" என்றார் பிரிகிட்டா. பின்னால் நான்கு பயிற்சியாளர்கள் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

கீழே தட்டையான இடத்தில் ஹார்மன் நன்றாகவே சறுக்கினார். மேலே கூட்டிப்போனால் பயத்தில் உறைந்துவிடுவார். மூன்றாம் நாளும், மேலே ஏற்றிவந்த நாற்காலி லிஃப்டிலேயே திரும்பி இறங்கினார். நாளையும் இப்படியானால் ஊருக்குக் கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

ஜெசிந்தா பிரிகிட்டாவிடம் போனாள்.

"எவ்வளவோ அழகாகச் செய்துகாட்டுகிறேன். அவருக்குப் பயம் போகவில்லை. ஒருவரின் பயத்தை எப்படிப் போக்குவது?"

பிரிகிட்டா சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டார். அவளையும் மாட்டச் சொன்னார். இருவரும் மலையின் பின்பக்கம் போனார்கள். அங்கே ஒரு சரிவு சுவர் மாதிரி நின்றது. ஜெசிந்தா அதுவரை அதில் இறங்கியதே இல்லை. எட்டிப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"என்னால் முடியாது."

பிரிகிட்டா கொஞ்சம் இறங்கி நின்று, மேலே திரும்பிக் கையை நீட்டினார்.

"இதுவரை வா."

வந்தாள். பிரிகிட்டா இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடியும் கை நீட்டினார். அப்படியே அடிவாரம் வந்துவிட்டது.

"பயம் போயிற்றா?"

"இல்லை. இன்னும் இருக்கிறது."

"ஆனால் இறங்கிவிட்டாய்" என்று சொல்லிவிட்டு பிரிகிட்டா போய்விட்டார்.

மறுநாள் மலையுச்சியில் ஹார்மன் மறுபடியும் உறைந்து நின்றார். மூச்சு புகையாக வந்தது. மீட்புக்காரர் ஸ்லெட் வண்டியோடு வந்து, "படுத்துக்கொள்ளுங்கள், இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்றார். ஹார்மனின் முகம் சிவந்தது.

"வண்டி வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்" என்றாள் ஜெசிந்தா.

சறுக்கிக் காட்டவில்லை. அவருக்கு எதிரே, பள்ளத்துக்கு முதுகு காட்டி நின்றாள்.

"கீழே இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார் அவர்.

"அந்தக் கவலை என்னுடையது. உங்களுக்கு என் கைவரைதான் தூரம்."

"நான் விழுந்தால் உன்மேல்தான் விழுவேன்."

"கடற்கரையில் வளர்ந்தவள் நான். இதைவிடப் பெரிய அலையெல்லாம் என்மேல் விழுந்திருக்கிறது. வாருங்கள்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே ஒரு பலகை நகர்ந்தது. இன்னொன்றும் நகர்ந்தது. அவள் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு இறங்கினாள். முதலில் கை தொடும் தூரம். பிறகு இரண்டு ஆள் தூரம். ஒரு திருப்பத்தில் அவர் விழுந்தார். அவள் தூக்கிவிடவில்லை, காத்திருந்தாள். அவரே எழுந்தார். பாதி மலையில் அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கத்திக்கொண்டே கீழே போனார். அது பயத்தின் கத்தல் அல்ல.

அடிவாரத்தில் வகுப்பு முழுவதும் கைதட்டியது. மீட்புக்காரரும் தட்டினார். ஹார்மன் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார்.

ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது அவரைக் காணவில்லை. தொப்பி மட்டும் பனியில் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தாள். லிஃப்டில், தன்னந்தனியாக, அவர் மறுபடியும் மேலே போய்க்கொண்டிருந்தார்.

அவள் பதறி பிரிகிட்டாவிடம் ஓடினாள்.

"என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போகிறார்! நான் அடுத்த நாற்காலியில் ஏறி உடனே போகிறேன்."

பிரிகிட்டா அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, மேலே கை காட்டினார்.

"நீ செய்த வேலை அதோ போகிறது. நின்று பார்."